சன்னது பறிபோன வக்கீல்

வ.உ.சிதம்பரம் பிள்ளை என்றதும் நம்ம எல்லாருக்கும் உடனே ஞாபகம் வருவது கப்பல். அடுத்தது செக்கு. ஆனால் அந்த மனுஷன் என்ன படித்தார், வீட்டுச் செலவுக்குப் பணம் எதிலிருந்து வந்தது என்று கேட்டால், பலபேர் கொஞ்சம் யோசிப்போம். அவர் ஒரு வக்கீல். கப்பல் கம்பெனி ஆரம்பித்து, அதுவும் மூழ்கிப்போனது ஐந்தே வருஷத்துக் கதை. வக்கீல் தொழிலோ அவருடைய இருபதுகளில் தொடங்கி, நடுவில் பறிபோய், திரும்பவும் கிடைத்து, வயசான காலம் வரைக்கும் கூடவே வந்தது. அந்தக் கதையை நாம் அதிகம் பேசியதில்லை. இந்த இதழில் அதைக் கொஞ்சம் பார்ப்போமே.

அப்பாவும் வக்கீல், மகனும் வக்கீல்

வ.உ.சி. பிறந்தது 1872 செப்டம்பர் 5, திருநெல்வேலிச் சீமையில் ஒட்டப்பிடாரம் என்ற ஊரில். அப்பா உலகநாத பிள்ளை ஒரு வக்கீல். மகன் முதலில் கொஞ்ச காலம் தாலுகா ஆபீஸில் குமாஸ்தா வேலை பார்த்தார். பிறகு திருச்சிக்குப் போய்ச் சட்டம் படித்து, பிளீடர் தேர்வில் பாஸ் ஆகி, 1895-இல் சொந்த ஊரிலேயே தொழிலை ஆரம்பித்தார்.

இங்கே ஒரு விஷயம் சொல்லணும். அன்றைய மெட்ராஸ் மாகாணத்தில் கோர்ட்டுக்குப் போகிற எல்லாரும் ஒரே தரம் கிடையாது. லண்டனுக்குப் போய்ப் படித்து வந்தவர்கள் பாரிஸ்டர்கள். அவர்களுக்குத்தான் மவுசு அதிகம். அடுத்து, சட்டப் பட்டம் வாங்கி ஹைகோர்ட்டில் வாதாடுகிற வக்கீல்கள். இவர்களுக்கும் கீழே, தேர்வு எழுதி மாவட்டத்துச் சின்னக் கோர்ட்டுகளில் வாதாட அனுமதி வாங்கிய பிளீடர்கள். அந்த அனுமதிப் பத்திரத்துக்குப் பேர் சன்னது. சன்னது இல்லாமல் யாரும் இன்னொருத்தருக்காகக் கோர்ட்டில் எழுந்து நிற்க முடியாது. நம்ம ஆளு இந்தக் கடைசி வரிசையில் இருந்து வந்தவர்.

சிவில் வழக்கில்தான் காசு. நிலம், குத்தகை, கடன், சொத்துப் பிரிவினை என்று பணம் உள்ளவர்கள் வந்துகொண்டே இருப்பார்கள். அப்பாவுடைய கட்சிக்காரர்களும் பெரும்பாலும் வசதியானவர்கள். மகனிடம் ஏழை ஜனங்கள் வந்தார்கள். போலீஸ் பிடித்துக்கொண்டு போன கிரிமினல் வழக்குகளை அவர் எடுத்தார். காசு இல்லாதவர்களுக்குச் சும்மாவே வாதாடினார். சின்ன ஊரில் இப்படிச் செய்தால் என்ன ஆகும்? போலீஸுக்கும் அவருக்கும் உரசல் வளர்ந்தது. மகனுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று பயந்த அப்பா, 1900-இல் அவரைத் தூத்துக்குடிக்கு அனுப்பி வைத்தார்.

கம்பெனியும் ஸ்ட்ரைக்கும்

தூத்துக்குடி துறைமுகப் பட்டணம். அங்கிருந்து கொழும்புக்குப் போகிற கப்பல் போக்குவரத்து ஒரு பிரிட்டிஷ் கம்பெனியின் கையில் இருந்தது. அதற்குப் போட்டியாக 1906-இல் வ.உ.சி. சுதேசி ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனியைத் தொடங்கினார். மேடையில் ஆவேசமாகப் பேசியே கப்பல் வாங்கிவிட்டார் என்று நினைத்துவிடாதீங்க. சட்டப்படி கம்பெனியைப் பதிவு செய்தார்கள். ஒரு பங்கு 25 ரூபாய், மொத்தம் 40,000 பங்கு, மூலதனம் 10 லட்சம் ரூபாய் என்று கணக்குப் போட்டு, ஊர் ஊராகப் போய்ப் பங்கு விற்றார்கள். 1907-இல் காலியா, லாவோ என்று இரண்டு கப்பல்கள் வந்து சேர்ந்தன. ஒரு சாதாரண வியாபாரியும் 25 ரூபாய் போட்டுக் கப்பலில் பங்குதாரர் ஆகலாம் என்ற ஏற்பாட்டில், சட்டம் படித்த மூளை வேலை செய்திருப்பது தெரிகிறது, இல்லையா?

1908 பிப்ரவரி கடைசியில் தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளர்கள் வேலை நிறுத்தம் செய்தார்கள். கூலி குறைவு, வேலை நேரம் அதிகம், வாராந்திர லீவு கிடையாது. வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் அவர்கள் பக்கம் நின்றார்கள். ஒரு வாரத்துக்கும் மேல் நடந்த போராட்டத்தில் தொழிலாளர்கள் ஜெயித்தார்கள். அந்த நேரத்தில் ஊரே இரண்டு பக்கமாகப் பிரிந்து கிடந்தது. வக்கீல்களிலும் அப்படித்தான். ஸ்ட்ரைக்குக்கு எதிராகப் பேசிய ஒரு வக்கீலுக்குச் சவரம் செய்துகொண்டிருந்த நாவிதர், வேலையைப் பாதியிலே நிறுத்திவிட்டார் என்று ஒரு கதை இன்றைக்கும் சொல்வார்கள்.

அதே மார்ச் 12-ஆம் தேதி வ.உ.சி. கைது செய்யப்பட்டார். ராஜதுரோக வழக்கு. ஜூலை மாதம் பின்ஹே என்ற நீதிபதி, ராஜதுரோகத்துக்கு 20 வருஷம், சிவாவுக்கு உடந்தையாக இருந்ததற்கு 20 வருஷம் என்று தீவாந்தர தண்டனை கொடுத்தார். மற்றவர்களுக்காகக் கோர்ட்டில் நின்ற மனுஷன் இப்போது குற்றவாளிக் கூண்டில். தீர்ப்பைக் கேட்ட அதிர்ச்சியில் அவருடைய தம்பி மீனாட்சிசுந்தரத்துக்குப் புத்தி பேதலித்துப் போனது. மேல்முறையீட்டில் தண்டனை 6 வருஷமாகக் குறைந்தது. கோயம்புத்தூர் ஜெயிலில் செக்கு இழுத்தார், பிறகு கண்ணனூர் ஜெயில். அவர் உள்ளே இருக்கும்போதே, 1911-இல், கப்பல் கம்பெனி இழுத்து மூடப்பட்டது.

வெளியே வந்த பிறகு

1912 டிசம்பரில் விடுதலை. மாலை மரியாதையோடு ஊரே திரண்டு வந்து வரவேற்றது என்று நினைத்தால் அது தப்பு. கம்பெனி இல்லை. சொத்து கரைந்துபோச்சு. எல்லாவற்றையும் விடப் பெரிய அடி, தண்டனை பெற்றவர் என்பதால் சன்னது போய்விட்டது. நாற்பது வயசு, மனைவி பிள்ளைகள், ஆனால் தெரிந்த ஒரே தொழிலைச் செய்யக்கூடாது. சென்னையில் மளிகைச் சாமான் விற்றுப் பார்த்தார். ஓடவில்லை. கோயம்புத்தூரில் வங்கி வேலை பார்த்தார். தென்னாப்பிரிக்காவில் இருந்த நம்ம தமிழர்கள் அவருக்காகப் பணம் திரட்டி காந்தியிடம் கொடுத்திருந்தார்கள். அதைக் கேட்டு வ.உ.சி. திரும்பத் திரும்பக் கடிதம் எழுத வேண்டி வந்தது. கடைசியில் 1916-இல் 347 ரூபாய் 12 அணா கைக்கு வந்தது. லட்ச ரூபாய் கணக்கில் கம்பெனி நடத்தினவர் அந்தப் பணத்துக்காகக் காத்திருந்தார் என்று நினைத்தால் மனசு கனக்கிறது.

பல வருஷத்துக்குப் பிறகு, வாலஸ் என்ற ஆங்கிலேய நீதிபதியின் உதவியால் சன்னது திரும்பக் கிடைத்தது. அந்த நன்றியில் தன் மகன் ஒருவனுக்கு வாலேஸ்வரன் என்று பேர் வைத்தார். வாழ்க்கை முழுக்க வெள்ளைக்கார ஆட்சியை எதிர்த்தவர், நியாயமாக நடந்த ஒரு வெள்ளைக்காரரின் பெயரைத் தன் வீட்டிலேயே தினமும் கூப்பிட்டார். பகை யாரோடு, எதற்காக என்பதில் அவருக்குக் குழப்பம் இருந்ததே இல்லை.

அதன் பிறகு கோவில்பட்டி. சின்ன ஊர், சின்னக் கோர்ட். ஐம்பது வயசை ஒட்டி, மறுபடியும் கட்சிக்காரர்களோடு உட்கார்ந்து வழக்குக் கட்டைப் பிரித்தார். 1932-இல் தூத்துக்குடிக்கே திரும்பினார். தொழிலுக்கு நடுவே தமிழும் சைவமும் அவரை விடவில்லை. திருக்குறளுக்கு உரை எழுதினார், சிவஞான போதத்துக்கு உரை எழுதி 1935-இல் வெளியிட்டார். 1936 நவம்பர் 18-ஆம் தேதி, தூத்துக்குடி காங்கிரஸ் அலுவலகத்தில் உயிர் பிரிந்தது. பெரிய சொத்து எதையும் விட்டுப்போகவில்லை. அவருடைய உயிலில் யார் யாருக்கு எவ்வளவு கடன் பாக்கி என்ற கணக்கு இருந்தது.

நம்ம கையில் வரப்போகிற சன்னது

நான் படிப்பது என்ஜினியரிங். படிப்பு முடிந்ததும் பொறியாளர் வாரியத்தில் பதிந்து, அனுபவம் சேர்த்து, தேர்வெல்லாம் கடந்தால்தான் ஒரு வரைபடத்தில் முத்திரை குத்த முடியும். சட்டம், மருத்துவம், கணக்கியல் படிக்கிற நம்ம அண்ணன் அக்காமாருக்கும் ஆளுக்கொரு சன்னது காத்திருக்கிறது. அது கிடைக்கும் வரை பாடுபடுகிறோம். நல்லதுதான், பெற்றோர் கஷ்டப்பட்டுப் படிக்க வைக்கிறார்கள்.

கிடைத்த பிறகு அதை யாருக்காகப் பயன்படுத்துவோம் என்பதுதான் கேள்வி. வ.உ.சி. மாதிரி ஜெயிலுக்குப் போகச் சொல்லவில்லை. ஒட்டப்பிடாரத்தில் இருந்த இளம் பிளீடரைப் பாருங்கள். காசு கொடுக்க முடியாத ஒருவர் வாசலில் வந்து நின்றபோது, உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்து என்ன பிரச்சினை என்று கேட்டார். அப்போது அவருக்கு வயசு இருபத்து சொச்சம், கிட்டத்தட்ட நம்ம வயசு. குடியுரிமைப் பத்திரம் இல்லாத பிள்ளை, வேலையிடத்தில் கை அடிபட்டு நஷ்டஈடு எப்படிக் கேட்பது என்று தெரியாத அண்ணன், பாரம் நிரப்பத் தெரியாத பாட்டி, இவர்கள் எல்லாம் நம்ம தாமானிலேயே இருக்கிறார்கள். இந்த வாரம் யாராவது ஒருத்தர் வீட்டு வாசல் வரை போய் என்ன பிரச்சினை என்று கேட்டு வாருங்கள். அதைக் கேட்பதற்கு எந்தச் சன்னதும் தேவையில்லை.