குளிரைக் குடுவையில் காத்தவர்

ஸ்காட்லாந்தின் கின்கார்டின் என்னும் ஊரில் 1842-இல் பிறந்த ஜேம்ஸ் டேவார், பத்து வயதில் பனிப்பாளம் உடைந்து நீரில் விழுந்தார். அதனால் வந்த வாதக் காய்ச்சல் அவரை நெடுநாள் முடக்கியது. அக்காலத்தில் ஊர்த் தச்சரிடம் வயலின் செய்யக் கற்றார். பின்னாளில் ஆய்வுக்கருவிகளை நுட்பமாகக் கையாண்ட விரல்கள் அங்குப் பழகியவையே.

1877 முதல் இலண்டன் இராயல் நிறுவனத்தில் பேராசிரியராக விளங்கிய டேவார், அதுவரை எவரும் கலத்தில் தேக்கிக் காணாத நீர்ம ஹைட்ரஜனைப் பெற முனைந்தார். அழுத்தப்பட்ட காற்று நுண்துளை வழியே விரியும்போது குளிரும். ஹைட்ரஜனோ அறை வெப்பநிலையில் மாறாகச் சூடேறும். ஆகவே அதனைச் சுழியத்துக்குக் கீழ் 205 பாகை செல்சியசுக்கு முன்னரே குளிர்வித்து, 180 வளிமண்டல அழுத்தத்தில் பீறிடச் செய்தார். 1898 மே 10 அன்று ஏறத்தாழ 20 கன சென்டிமீட்டர் தெளிந்த நீர்மம் திரண்டது. அதனைத் தாங்கியது, 1892-இல் அவரே வடிவமைத்த இரட்டைச்சுவர் வெற்றிடக் குடுவை. மறு ஆண்டு ஹைட்ரஜனைத் திண்மமாகவும் உறையவைத்தார். இன்று பேராற்றல் லேசரால் தாக்கிப் புரோட்டான்களை விரைவுறச் செய்யும் ஆய்வுகளில், மயிரிழையினும் மெல்லிய இலக்காக அவ்வுறைந்த ஹைட்ரஜன் பயன்படுகிறது.

அவ்வாய்வகத்தில் நேர்ந்த வெடிவிபத்துகளில் உதவியாளர் இருவர் ஆளுக்கொரு கண்ணை இழந்தனர். எளிதில் சினங்கொள்ளும் டேவார், ஹீலியத்தை ஆராய்ந்த இராம்சேயுடன் பிணங்கினார். 1908-இல் ஹீலியத்தை நீர்மமாக்கிய பெருமை நெதர்லாந்தின் காமர்லிங் ஆன்னசைச் சேர்ந்தது. காப்புரிமை பெறாமையால் குடுவையின் வணிக வருவாயும் பிறரிடம் சென்றது. முதல் உலகப் போரின்போது ஆளும் பொருளும் குறையவே, முதியவர் சோப்புக் குமிழிகளை ஆராயலானார். 1923-இல் மறைந்தார்.