மோர் உப்பின் மோர் யார்?

முதலாண்டில் செய்முறை வகுப்பின் முதல் நாளன்று, கரும்பலகையில் ‘மோர் உப்பு’ என்று எழுதியிருந்ததைக் கண்டதும் வகுப்பே சிரித்தது. மோரில் உப்புப் போடுவோம். மோரே எப்படி உப்பாகும் என்று பின் வரிசையிலிருந்து ஒரு குரல் கேட்டது. அந்த இளம்பச்சைப் படிகத்துக்குத் தம் பெயரைத் தந்தவர் கார்ல் பிரடெரிக் மோர் என்னும் ஜெர்மானியர் என்பதைப் பின்னரே அறிந்தேன்.

1806 நவம்பர் 4ஆம் நாள், ரைன் நதிக்கரையிலுள்ள கோப்ளென்ஸ் நகரில் அவர் பிறந்தார். தந்தை மருந்துக் கடை வைத்திருந்தார். பிள்ளை நோஞ்சான், ஆகவே பள்ளியைவிட வீட்டிலும், தந்தையின் ஆய்வுக்கூடத்திலுமே அதிகம் கற்றார். பின்பு ஹைடல்பர்க், பெர்லின், பான் நகரங்களில் பயின்று, டாக்டர் பட்டத்துடன் ஊர் திரும்பி அதே கடையில் அமர்ந்தார். 1840இல் தந்தை மறைய, கடை அவர் பொறுப்பாயிற்று.

மருந்துக் கடை என்றால் நாள்தோறும் அளவுதான். அக்காலத்தில் அவுன்ஸ் என்பது நாட்டுக்கு நாடு வேறுபட்டது. நமக்கு இது புதிதன்று. ஓர் உழக்குக்கு 2 ஆழாக்கு. ஆழாக்கு இன்றைய கணக்கில் ஏறத்தாழ 168 மில்லி. அதுவும் ஊருக்கு ஊர் மாறும். துளியோ இன்னும் நம்ப முடியாதது. நீரில் ஏறக்குறைய 20 துளி ஒரு மில்லியாகும். எண்ணெயில் அந்தக் கணக்கு பொருந்தாது. சொட்டும் குழாயின் வாய் பெருத்தாலும் மாறிவிடும்.

பியூரெட், பிப்பெட் என்ற பெயர்களைத் துல்லிய அளவைக் கருவிகளுக்கு வழங்கியவர் பிரெஞ்சு அறிஞர் கே-லுசாக். அவருடைய பியூரெட்டுக்குப் பக்கவாட்டில் ஒரு மூக்கு உண்டு. கையிலேந்திச் சாய்த்துத்தான் ஊற்ற வேண்டும். கை சற்று நடுங்கினால் அளவு போயிற்று. 1850களில் மோர் அதைத் தாங்கியில் நேராக நிறுத்தினார். அடியில் ஒரு ரப்பர்க் குழாயைச் செருகி, அதன் முனையில் கண்ணாடி மூக்கு வைத்து, நடுவே ஒரு சுருள்கம்பிக் கிளிப்பை மாட்டினார். அழுத்தினால் சொட்டும், விட்டால் நிற்கும். ஒரு கை கிளிப்பில், மறு கை குடுவையில். இவ்வளவுதான்! இதற்கு ஒரு மேதை வேண்டுமா என்று நானும் நினைத்ததுண்டு. ஆனால் விலையுயர்ந்த தராசும் நீண்ட நேரமும் கேட்ட ஆய்வுகள் பல, இக்கிளிப்பினால் சில நிமிட வேலையாயின. பெர்மாங்கனேட் ரப்பரை அரிக்கும். அதற்குக் கண்ணாடிக் குழாயடைப்பு வேண்டும். 1855இல் தரம்பார்த்தல் முறைகளைத் தொகுத்து அவர் எழுதிய நூல் பல பதிப்புகள் கண்டது.

லிட்டரையும் அவர் விடவில்லை. 4 டிகிரி குளிரில் எவர் வேலை செய்ய முடியும்? ஆகவே 17.5 டிகிரியில், காற்றில் நிறுத்த 1000 கிராம் நீர் அடைக்கும் இடத்தையே லிட்டராகக் கொண்டார். இந்த ‘மோர் லிட்டர்’ உண்மை லிட்டரைவிட 2 மில்லிக்குச் சற்று அதிகம். தம் குடுவைகள் ஒன்றுக்கொன்று பொருந்தினால் போதும் என்பது அவர் கணக்கு. இரு வகைக் குடுவைகளும் ஒரே மேசையில் கலந்தால் தொல்லைதான். நம் நாட்டுக் கண்ணாடிக் கருவிகளில் 27 டிகிரி என்று பொறிப்பதும் நம் வெயிலை நினைத்தே.

வாழ்க்கை அவருக்கு அளவாகக் கொடுக்கவில்லை. வெப்பமும் இயக்கமும் ஒரே ஆற்றலின் வடிவங்கள் என்னும் கருத்தை 1837இலேயே எழுதினார். மேயருக்கு ஐந்தாண்டு முன்பு! பெயர்பெற்ற ஜெர்மன் இதழ் அதை ஏற்கவில்லை. வியன்னாவில் அச்சானது, எவரும் கவனிக்கவில்லை. 1857இல் கடையை விட்டு ஓய்ந்தவர், பெரும் பணநட்டத்தால் 57ஆம் வயதில் பான் பல்கலைக்கழகத்தில் கடைநிலை விரிவுரையாளராகச் சேர்ந்தார். 1867இல் பேராசிரியரானார். 1879 செப்டம்பர் 28இல் அங்கேயே மறைந்தார்.

எனக்கு அவர் நெருக்கமானது 1856இல் அவர் கண்ட குளோரைடு முறையால். பாலாற்றங்கரையில் எங்கள் கிணறு கரிக்கிறது. பச்சைத்தோல் கெடாதிருக்க இடும் உப்பு, தோலை ஊறவைக்கும் நீரில் கரைந்து நிலத்தில் இறங்குகிறது. இப்பகுதி மாசு பற்றி 1996இல் உச்ச நீதிமன்றமே தீர்ப்பளித்தது. என் அப்பா தோல் ஷாப்பில்தான் வேலை செய்கிறார். அந்தக் கூலியில்தான், எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிப் படி ஏறியவன் நான்.

ஒரு பாட்டில் கிணற்று நீரைக் கல்லூரிக்குக் கொண்டுவந்தேன். 20 மில்லி எடுத்துப் பொட்டாசியம் குரோமேட் சில துளி விட்டால் மஞ்சளாகும். 0.02 நார்மல் வெள்ளி நைட்ரேட்டைச் சொட்டவிட வேண்டும். குளோரைடு தீரும் வரை வெள்ளை வீழ்படிவு. தீர்ந்த மறு துளியில் செங்கல் நிறம். இங்கே ஒரு மில்லி என்பது லிட்டருக்கு 35.5 மில்லிகிராம் குளோரைடு. ஒரு துளி ஏறக்குறைய 1.8. குடிநீருக்கு ஏற்ற அளவு 250. வேறு நீரே இல்லையென்றால் 1000 வரை. அதாவது 7 மில்லியில் சிவந்தால் நல்ல நீர். 28 மில்லி கடைசி எல்லை.

7 தாண்டியது. 20 தாண்டியும் மஞ்சள் மாறவில்லை. ஒவ்வொரு துளியாக விட்டேன். 23ஐ நெருங்கியபோது சிவந்தது.

வீட்டில் எண்ணைச் சொன்னேன். அப்பா சற்று நேரம் பேசவில்லை. பிறகு, துளியை எப்படி எண்ணினாய் என்று கேட்டார்.