கைகாக்ஸ் வைத்த ஏணி

காப்புறுதி நிறுவன வேலை 1970இல் பறிபோனதும் கேரி கைகாக்ஸ் வீட்டிலிருந்து சப்பாத்து திருத்திப் பிழைத்தார். 1974இல், டேவ் ஆர்னசனுடன் உருவாக்கிய ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ வெளிவந்தது. கதைக்குள் ஒரு பாத்திரமாகி, தாயக்கட்டை உருட்டி விளையாடுவது. போர்வீரன் இரண்டாம் லெவலுக்கு ஏற 2,000 புள்ளிகள் வேண்டும். உயிரோடு வெளியே கொண்டுவரும் பொற்காசு ஒன்றுக்கு ஒரு புள்ளி. மாதக்கணக்கில் ஏறிய லெவலைச் சில பேய்கள் தொட்டே பறித்துவிடும். நோட்டன் பிரிட்ஜில் நாங்கள் விளையாடியபோது, கிளிநொச்சியில் எல்லாம் இழந்து தோட்டத்துக்குத் திரும்பிய நண்பர் அந்த விதியை மட்டும் நீக்கச் சொன்னார். நீக்கினோம்.

1985இல் சொந்த நிறுவனமே கைகாக்ஸின் கையைவிட்டுப் போனது. அப்போது வயது 47. புதிய விளையாட்டுகளை முதலிலிருந்து எழுதத் தொடங்கினார். 2008 மார்ச் 4இல் இறந்தார். 2014 பதிப்பில் இரண்டாம் லெவலுக்கு 300 புள்ளிகளே போதும்.