அலெக்சாந்திரியாவின் ஆசிரியை

எகிப்து நாட்டின் வடகரையில், நைல் ஆறு கடலோடு கலக்கும் பகுதிக்கு அருகே அமைந்துள்ள துறைமுக நகரம் அலெக்சாந்திரியா. மாமன்னர் அலெக்சாண்டர் கி.மு. 331இல் நிறுவிய இந்நகரம், பல நூற்றாண்டுகள் கிரேக்கக் கல்வியின் தலைநகராகத் திகழ்ந்தது. வடிவியலை முறைப்படுத்தித் தந்த யூக்ளிட் இங்குதான் கற்பித்தார். பூமியின் சுற்றளவைக் கணித்த எரத்தோஸ்தனிஸ் இங்கிருந்த பெரும் நூலகத்தின் பொறுப்பாளராக இருந்தார். கோள்களின் இயக்கத்தை விளக்கிய தாலமி இங்குதான் தம் வானியல் நூலை எழுதினார். இத்தகைய அறிஞர்களின் வரிசையில் வைத்து எண்ணத்தக்க பெண்மணி ஒருவரையும் அந்நகரம் உலகுக்குத் தந்தது. அவரே ஹைப்பேஷியா.

பண்டைக் கிரேக்க உலகில் பெண்கள் கல்வி பெறுவது எளிதன்று. பெரும்பாலான பெண்களின் வாழ்க்கை வீட்டுக்குள்ளேயே கழிந்தது. அந்தத் தடையையும் மீறிச் சிலர் தத்துவம் பயின்றனர். பிளேட்டோவின் கல்விக்கழகத்தில் லஸ்தேனியா, அக்ஸியோத்தியா என்னும் இரு பெண்கள் பயின்றதாகப் பழைய நூல்கள் கூறுகின்றன. சைரின் நகரத்து அரேத்தே, தம் மகனுக்குத் தாமே தத்துவ ஆசிரியராக இருந்தார். இவர்களைப் பற்றி ஓரிரு வரிகளே இன்று எஞ்சியுள்ளன. ஆனால், ஹைப்பேஷியாவின் வாழ்க்கையை அவர் காலத்தில் வாழ்ந்தவர்களே பதிவு செய்துள்ளனர். அதனால், அவரை நாம் ஓரளவு நெருங்கி அறிய முடிகிறது.

ஹைப்பேஷியா கி.பி. நான்காம் நூற்றாண்டில் பிறந்தார். அவருடைய தந்தை தியோன், கணிதத்திலும் வானியலிலும் வல்லவர். கி.பி. 364இல் நிகழ்ந்த சூரிய கிரகணத்தையும் சந்திர கிரகணத்தையும் அலெக்சாந்திரியாவில் இருந்தபடியே கவனித்து, அவற்றின் நேரத்தைக் குறித்து வைத்தவர். யூக்ளிட்டின் வடிவியல் நூலை அவர் திருத்திப் பதிப்பித்தார். பின்னர் பல நூற்றாண்டுகள் மாணவர்கள் பயின்றது அந்தப் பதிப்பைத்தான். தாம் கற்ற கல்வியை மகளுக்கும் கற்பிக்க வேண்டும் என்று தியோன் விரும்பினார். மகளும் கண்ணும் கருத்துமாகப் பயின்றார். கணிதம், வானியல் ஆகியவற்றைத் தந்தையிடம் கற்ற பின்னும் அவருடைய அறிவுத் தாகம் தணியவில்லை. பிளேட்டோ, அரிஸ்டாட்டில் முதலியோரின் தத்துவத்தையும் ஆழ்ந்து கற்றார். அறிவில் தந்தையையும் விஞ்சிவிட்டார் என்று அக்காலத்தவரே போற்றினர்.

அக்காலத்தில் அச்சு இயந்திரம் இல்லை. நூல்கள் யாவும் கையால் எழுதிப் படியெடுக்கப்பட்டன. படியெடுப்பவர் ஓர் எண்ணைத் தவறாக எழுதினால், அந்தத் தவறு அடுத்த படியிலும் அதற்கடுத்த படியிலும் தொடரும். வானியல் அட்டவணையில் ஓர் எண் பிழையானாலும் கோளின் இருப்பிடம் பற்றிய கணக்கு முழுவதும் பிழையாகிவிடும். எனவே, பழைய நூல்களை ஒப்பிட்டு, பிழை நீக்கி, கடினமான பகுதிகளுக்கு விளக்கம் எழுதுவோரின் பணி இன்றியமையாததாக இருந்தது. தியோனும் ஹைப்பேஷியாவும் அந்தப் பணியில்தான் அல்லும் பகலும் ஈடுபட்டனர்.

தாலமியின் வானியல் நூலுக்குத் தியோன் விரிவான உரை எழுதினார். அதன் மூன்றாம் பகுதியின் தலைப்பில், அப்பகுதி தம் மகளும் தத்துவ அறிஞருமான ஹைப்பேஷியாவால் திருத்திப் பதிப்பிக்கப்பட்டது என்று குறித்துள்ளார். மகளின் உழைப்பைத் தம் பெயருக்குள் மறைத்துவிடாமல், உரியவருக்கு உரிய இடத்தைத் தந்தார் அந்தத் தந்தை. அந்த ஒற்றை வரி இன்றளவும் நிலைத்திருக்கிறது.

எண்களைக் கொண்டு புதிர் போன்ற கணக்குகளை அமைத்த டயோஃபாண்டஸின் நூலுக்கும் ஹைப்பேஷியா உரை எழுதினார். கூம்பு ஒன்றை வெவ்வேறு கோணங்களில் வெட்டினால் வட்டம், நீள்வட்டம், பரவளைவு முதலிய வடிவங்கள் கிடைக்கும். இவற்றை ஆராய்ந்த அப்போலோனியஸின் நூலுக்கும் அவர் உரை கண்டார். இந்த வடிவங்களால் என்ன பயன் என்று அன்று பலர் எண்ணியிருக்கலாம். ஏறத்தாழ 1,200 ஆண்டுகளுக்குப் பிறகு, கோள்கள் சூரியனை நீள்வட்டப் பாதையில் சுற்றுகின்றன என்பதை ஜெர்மானிய அறிஞர் கெப்ளர் கண்டறிந்தார். பழைய அறிவைத் தலைமுறைதோறும் யாரேனும் ஒருவர் காத்து வந்ததால்தான் இத்தகைய கண்டுபிடிப்புகள் பிறந்தன.

நூலாசிரியர் என்பதைவிட ஆசிரியர் என்ற முறையில்தான் ஹைப்பேஷியா பெரும்புகழ் பெற்றார். தத்துவ அறிஞர்கள் அணியும் எளிய மேலாடையை அணிந்து, நகரின் நடுவே மக்கள் கூடும் இடங்களில் விளக்கவுரை ஆற்றினார். அவருடைய இல்லத்திலும் மாணவர்கள் கூடினர். சைரின், சிரியா முதலிய தொலைவான இடங்களிலிருந்தும் இளைஞர்கள் அவரை நாடி வந்தனர். அவர் திருமணம் செய்துகொள்ளவில்லை. கற்பதையும் கற்பிப்பதையுமே தம் வாழ்வாகக் கொண்டார். ஹைப்பேஷியா பழைய கிரேக்கத் தத்துவ மரபைச் சார்ந்தவர். ஆனால், அவரிடம் பயின்றவர்களுள் கிறிஸ்துவர்களும் இருந்தனர். கற்க வந்தவரின் சமயம் எது என்று அவர் பார்க்கவில்லை.

அம்மாணவர்களுள் ஒருவர் சினேசியஸ். பிற்காலத்தில் கிறிஸ்துவ ஆயராக உயர்ந்த இவர், தம் ஆசிரியைக்கு எழுதிய ஏழு கடிதங்கள் இன்றும் உள்ளன. ஒரு கடிதத்தில், நீர்மத்தின் அடர்த்தியை அளக்கும் கருவி ஒன்றைச் செய்வித்துத் தருமாறு அவர் வேண்டுகிறார். அது குழல் வடிவில் அமைந்த கருவி. அதன் பக்கத்தில் அளவுக்கோடுகள் இருக்கும். அடியில் சிறு எடை பொருத்தப்பட்டிருக்கும். நீர்மத்தில் இட்டால் அது செங்குத்தாக மிதக்கும். விண்மீன்களின் நிலையை அறிய உதவும் கருவி ஒன்றை அமைப்பதற்கும் தம் ஆசிரியையின் பாடமே துணைநின்றது என்று அவர் மற்றோர் இடத்தில் குறிப்பிட்டுள்ளார். தம் மூன்று புதல்வர்களையும் பறிகொடுத்து நோயில் வாடியபோதும் சினேசியஸ் தம் ஆசிரியைக்கே கடிதம் எழுதினார். அதில் ஹைப்பேஷியாவைத் தாயாகவும் உடன்பிறந்தவராகவும் ஆசிரியராகவும் போற்றினார்.

இதற்கிடையே அலெக்சாந்திரியாவின் அமைதி குலைந்து வந்தது. கிரேக்கர், எகிப்தியர், யூதர், கிறிஸ்துவர் எனப் பல தரப்பினரும் வாழ்ந்த அந்நகரில் பகைமை நீறுபூத்த நெருப்பாக இருந்தது. நான்காம் நூற்றாண்டின் இறுதியில் செராப்பிஸ் தெய்வத்தின் பெருங்கோயில் இடிக்கப்பட்டது. கி.பி. 412இல் சிரில் என்பவர் நகரின் ஆயரானார். உரோமப் பேரரசின் ஆளுநராக ஒரெஸ்டஸ் இருந்தார். இருவருமே கிறிஸ்துவர்கள். ஆயினும், நகரில் யாருடைய அதிகாரம் ஓங்குவது என்பதில் அவர்களிடையே பூசல் மூண்டது. தெருக்களில் கலவரங்கள் வெடித்தன. ஆளுநர்மீதே கல்லெறியப்பட்டு அவர் தலையில் காயமுற்றார்.

ஹைப்பேஷியாவின் அறிவையும் நேர்மையையும் மதித்த ஆளுநர், அவரிடம் அடிக்கடி ஆலோசனை கேட்டு வந்தார். இது சிலருடைய கண்களை உறுத்தியது. ஆளுநரும் ஆயரும் சமாதானம் ஆகாமல் தடுப்பவர் ஹைப்பேஷியாதான் என்ற வதந்தி பரவியது. அவருடைய வானியல் ஆய்வை மாந்திரீகம் என்று தூற்றியவர்களும் இருந்தனர். வதந்தியை நம்பியவர்கள் அதன் உண்மையை ஆராயவில்லை. கி.பி. 415ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் ஒரு நாள், வீடு திரும்பிக்கொண்டிருந்த ஹைப்பேஷியாவைக் கும்பல் ஒன்று வழிமறித்தது. வண்டியிலிருந்து அவரை இழுத்துச் சென்று இரக்கமின்றிக் கொன்றது.

இக்கொடுமையை அக்காலத்துக் கிறிஸ்துவ வரலாற்றாசிரியர் ஒருவரே வன்மையாகக் கண்டித்துள்ளார். கொலையும் கலவரமும் தம் சமயத்தின் நெறிக்கு முற்றிலும் மாறானவை என அவர் எழுதினார். ஹைப்பேஷியாவின் ஒழுக்கத்தையும் அடக்கத்தையும் புகழ்ந்து, அவருடைய வரலாற்றை நமக்கு விட்டுச்சென்றவரும் அவரே. தம் சமயத்தைச் சாராத ஒரு பெண்மணிக்கு இழைக்கப்பட்ட அநீதியை மூடி மறைக்க அவருக்கு மனம் வரவில்லை.

ஹைப்பேஷியாவின் பெயரைத் தாங்கிய நூல் ஒன்றுகூட இன்று தனியாக நம் கைக்குக் கிட்டவில்லை. எனினும், அவர் மறைந்து 1,600 ஆண்டுகள் கடந்த பின்னும் உலகம் அவரை நினைவில் வைத்திருக்கிறது. 1884இல் கண்டறியப்பட்ட சிறுகோள் ஒன்று அவர் பெயரைத் தாங்கி விண்ணில் வலம் வருகிறது. நிலவில் உள்ள பள்ளம் ஒன்றும் அவர் பெயரால் அழைக்கப்படுகிறது. தந்தை எழுதிய ஒரு வரி, மாணவர் எழுதிய ஏழு கடிதங்கள், மாற்றுச் சமயத்தவர் ஒருவர் எழுதிய நேர்மையான சில பக்கங்கள் ஆகியவையே அவர் புகழை அழியாமல் காத்தன. பிறர் எழுதிய நூல்களைக் காப்பதற்காகத் தம் வாழ்நாளைச் செலவிட்டவர் ஹைப்பேஷியா. அவருடைய நினைவைப் பிறர் எழுத்துகள் காத்து நிற்கின்றன.