வெப்பத்தைத் திருப்பியவர்

ஃபிரெடரிக் கார்ட்னர் காட்ரெல் 1877ஆம் ஆண்டு அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், ஓக்லாந்து நகரில் பிறந்தார். பெர்க்லியில் உள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் வேதியியல் பயின்றார். பின்னர் ஓக்லாந்து உயர்நிலைப் பள்ளியில் ஆசிரியராகப் பணியாற்றி, பணம் சேர்த்துக்கொண்டு ஜெர்மனிக்குச் சென்றார். 1902இல் லைப்சிக் நகரில் முனைவர் பட்டம் பெற்றார்.

அக்காலத்தில் உலோகம் உருக்கும் ஆலைகளின் புகை சுற்றியிருந்த வயல்களில் படிந்தது. விவசாயிகள் ஆலைகள் மீது வழக்குத் தொடுத்தனர். புகையிலுள்ள நுண்துகள்களுக்கு மின்னூட்டம் ஏற்றி, அவற்றைத் தகடுகளில் படியச் செய்யும் கருவியைக் காட்ரெல் உருவாக்கினார். அதன் காப்புரிமை அவரைப் பெரும் செல்வராக்கியிருக்கும். அவரோ அதனால் வரும் வருமானம் அறிவியல் ஆய்வுகளுக்குச் செல்லட்டும் என்று எண்ணி, 1912இல் ஓர் ஆய்வு நிறுவனம் தோன்ற வழிசெய்தார்.

துகள்களைப் பிடித்துவிடலாம். ஆனால், புகையோடு கலந்து வரும் தீய வாயுக்களை என்ன செய்வது? அவற்றை எரித்துவிடலாம். ஆனால், அவை மிகக் குறைந்த அளவில் கலந்திருப்பதால் தாமாகத் தீப்பற்றமாட்டா. வினையூக்கி, தான் செலவாகாமல் வேதிவினையை விரைவுபடுத்தும் பொருள். அதன்மீது செலுத்தினால் அவை தீச்சுடரின்றியே ஆக்சிஜனுடன் சேரும். அதற்கும் வாயுவை முதலில் நூற்றுக்கணக்கான டிகிரி வரை சூடேற்ற வேண்டும். வாயு வெளியேறும்போது அந்த வெப்பமும் புகைபோக்கி வழியே போய்விடும். எரிபொருள் வாங்கியே ஆலை நொடித்துப்போகும்!

இதற்கு 1938இல் காட்ரெல் பெற்ற காப்புரிமை ஒரு வழி காட்டியது. வாயு செல்லும் திசையை அடிக்கடி திருப்ப வேண்டும் என்பதே அது.

இத்தகைய கலன் ஒன்றின் நடுவில் வினையூக்கியும், இரு பக்கங்களிலும் வெப்பத்தைத் தேக்கும் கற்களும் இருப்பதாகக் கொள்வோம். தொடக்கத்தில் மட்டும் அதைச் சூடேற்றுகிறார்கள். குளிர்ந்த வாயு இடப்பக்கக் கற்களில் புகுந்து வெப்பம் பெறுகிறது. நடுவில் வினை நடந்து, மேலும் வெப்பம் உண்டாகிறது. சூடான வாயு வலப்பக்கக் கற்களிடம் அந்த வெப்பத்தை விட்டுவிட்டு வெளியேறுகிறது. இடப்பக்கம் முற்றிலும் குளிர்வதற்குள் வால்வுகளை மாற்றுகிறார்கள். இப்போது வாயு வலப்பக்கத்திலிருந்து நுழைந்து, அங்கே தேங்கிய வெப்பத்தை எடுத்துக்கொண்டு நடுப்பகுதிக்கு வருகிறது. இப்படிச் சில நிமிடங்களுக்கு ஒருமுறை திசை மாறுவதால், வெப்பம் கலனுக்குள்ளேயே சிறைப்பட்டுக் கிடக்கிறது. வாயுவில் எரியக்கூடிய பொருள் போதிய அளவு இருந்தால், வேறு எரிபொருள் தேவையில்லை.

கேட்பதற்கு எளிமையாக இருந்தாலும், இதை இயக்குவது எளிதன்று. திசையை மாற்றத் தாமதித்தால் கலன் குளிர்ந்து வினை நின்றுவிடும். எரியும் பொருள் மிகுந்துவிட்டாலோ வினையூக்கி அளவுக்கு மீறிச் சூடாகிக் கெட்டுவிடும். திசை மாறும் கணத்தில், நுழைவாயிலில் தங்கிய தூய்மையாகாத வாயு சிறிதளவு வெளியேறும் குறையும் உண்டு.

காட்ரெல் 1948 நவம்பரில், பெர்க்லியில் நடந்த அறிவியல் கூட்டம் ஒன்றில் இருந்தபோது காலமானார். அவருடைய கலன் பரவலாகப் பயன்படுவதை அவர் காணவில்லை. 1970களில் சோவியத் நாட்டின் நோவசிபிர்ஸ்க் நகரில், போரெஸ்கோவ், மாத்ரோஸ் ஆகிய அறிவியலாளர்கள் இம்முறையை மீண்டும் கையிலெடுத்தனர். கலனுக்குள் வெப்பம் எப்படி நகர்கிறது என்பதைக் கணக்கிட்டு, ஆலைகளில் இயங்கும் நிலைக்கு அதைக் கொண்டுவந்தனர்.