விழாவுக்கு முகம் தந்த ஓவியர்

ஓவியர் நந்தலால் போஸ் இன்றைய பீகாரின் கரக்பூரில் 1882ஆம் ஆண்டு டிசம்பர் 3ஆம் நாள் பிறந்தார். கல்லூரிப் படிப்பில் அவர் மனம் ஒட்டவில்லை. கல்கத்தா அரசு கலைப்பள்ளியில் அவனீந்திரநாத் தாகூரின் மாணவரான பின்னரே தமக்குரிய வழியைக் கண்டார். இரவீந்திரநாத் தாகூர் சாந்திநிகேதனில் நிறுவிய கலாபவனத்திற்கு 1922இல் தலைவரானார்.

மழையை வரவேற்கவும் வசந்தத்தைக் கொண்டாடவும் சாந்திநிகேதனில் விழாக்கள் நடைபெற்றன. தாகூரின் கவிதையும் பாடலுமே அவற்றின் உயிர். செவிக்குரிய அவ்விழாக்களுக்குக் கண்ணுக்குரிய வடிவம் தரும் பணி நந்தலாலிடம் வந்தது. நிறுவனமோ எப்போதும் பணமுடையில் இருந்தது. ஆகவே அரிசிமாக் கரைசல், மண் வண்ணம், இலை, பூ ஆகிய எளிய பொருள்களையே அவர் நாடினார். நம் வீட்டு வாசலில் இடும் கோலத்திற்கு உறவான ஆல்பனா, வங்கப் பெண்களின் நோன்புகளிலிருந்து விழாத் தரைக்கு வந்தது. 1928இல் நடந்த மரம் நடு விழாவில் மரக்கன்று அணிசெய்த பல்லக்கில் ஊர்வலமாக வந்தது. சிறுவர்கள் ஐம்பூதங்களாக வேடம் புனைந்தனர். அரங்கின் திரை, ஆடை, அணிகலன் ஆகிய யாவும் பாடலின் உணர்வுக்கு இசைய வேண்டும் என்பதில் நந்தலால் கண்டிப்பானவர்.

இப்பயிற்சிக்குப் பெருஞ்சோதனை வெளியிலிருந்து வந்தது. பைஸ்பூரில் கூடவிருந்த காங்கிரசு மாநாட்டு நகரை அழகுபடுத்துமாறு காந்தியடிகள் அழைத்தபோது, தாம் ஓவியரே அன்றிக் கட்டடக் கலைஞர் அல்லர் என அவர் தயங்கினார். எனினும் மூங்கிலும் கூரைப்புல்லும் கொண்டு அதனைச் செய்து முடித்தார். 1938 பிப்ரவரியில் குஜராத்தின் அரிபுரா மாநாட்டிற்கு மீண்டும் அழைப்பு வந்தது. இம்முறை ஏறத்தாழ 400 சுவரொட்டிகள் தேவைப்பட்டன. பார்க்கப்போகிறவர்களோ ஓவியக்கூடத்தையே கண்டிராத உழவர்கள்.

நந்தலால் கிராம மக்களின் அன்றாட வாழ்வைக் கண்டு கோட்டுருவங்கள் வரைந்தார். கையால் செய்த தாளில், உள்நாட்டு வண்ணங்களைக் குழைத்து, தடித்த தூரிகைக் கோடுகளால் விரைந்து தீட்டினார். முழவு இசைப்போர், தச்சர், வேட்டைக்காரர், குழந்தையை அணைத்த தாய், காளை எனக் காட்சிகள் விரிந்தன. 80க்கும் மேற்பட்டவற்றை அவரே வரைந்தார். ஏனையவற்றை அவர்தம் மாணவர்களும் உதவியாளர்களும் அவற்றைப் பார்த்துத் தீட்டினர். இத்தனை பேர் கைபட்டால் ஒருமை சிதறுவது இயல்பு. உருவங்களைச் சூழும் வளைவுச் சட்டகமும், சில வண்ணங்களோடு நின்ற சிக்கனமும் அச்சிதறலைத் தடுத்தன. எந்த வாயிலில் நின்று நோக்கினும் அது ஒரே விழாவாகத் தோன்றியது. திறந்த வெளியில் தொங்கிய அப்படங்களைக் காணக் கட்டணமும் இல்லை, விளக்கவுரையும் தேவைப்படவில்லை.

பின்னாளில் இந்திய அரசியலமைப்பின் மூலப்படியை அணிசெய்யும் பணியும் அவரிடமே வந்தது. அதனையும் மாணவர்களோடு சேர்ந்தே முடித்தார். 1954இல் பத்மவிபூஷண் விருது பெற்ற அவர், 1966 ஏப்ரல் 16இல் மறைந்தார். சில நாள் விழாவுக்கென எளிய தாளில் தீட்டப்பட்ட அரிபுரா ஓவியங்களுள் பல, இன்று புதுதில்லி தேசிய நவீனக் கலைக்கூடத்தில் உள்ளன.