தீராந்தியின் வலிமையை ஆராய்ந்த கலிலியோ

கலிலியோ என்றதும் தொலைநோக்கியும் உரோமாபுரி விசாரணையுமே பலர் நினைவுக்கு வருவன. சுவரிற் பதித்த தீராந்தி ஒன்று எவ்வளவு பாரந் தாங்கும் என்பதைக் கணக்கினாற் காண முற்பட்டவரும் அவரே. அவ்வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

இத்தாலியிலுள்ள பைசா நகரில் 1564ஆம் ஆண்டு பிறந்த கலிலியோ, முதலில் மருத்துவம் பயின்றார். பட்டம் பெறாமலே அதனை விடுத்துக் கணிதத்தை நாடினார். 1592 முதல் 1610 வரை பாதுவாப் பல்கலைக்கழகத்திற் கணிதப் பேராசிரியராய் விளங்கினார். சூரியனைப் பூமி சுற்றுகின்றது என்னும் கொள்கையின் பொருட்டு 1633இல் உரோமாபுரியில் தண்டிக்கப்பட்டு, புளோரன்சுக்கு அண்மையிலுள்ள ஆர்செத்ரியிற் காவலில் வைக்கப்பட்டார். முதுமையும் தனிமையும் வாட்டியபோதும் அவர் சோர்ந்திலர். இரு புதிய விஞ்ஞானங்களைப் பற்றிய அவரது நூல் 1638இல் ஒல்லாந்து நாட்டு லெய்டன் நகரில் அச்சேறியது. அப்பொழுது அவர் இரு கண்களின் ஒளியையும் இழந்திருந்தார்.

அந்நூலிலேதான் தீராந்திக் கணக்கு வருகின்றது. தீராந்தி முறியுங்கால் அதன் கீழ் விளிம்பே சுழலிடமாகும் என்றும், குறுக்குவெட்டு முழுவதும் ஒரே அளவாய் இழுபடும் என்றும் அவர் கொண்டார். எடுத்துக்காட்டாக, 10 சதமமீற்றர் அகலமும் 20 சதமமீற்றர் உயரமுமுடைய தீராந்தி ஒன்று சுவரிலிருந்து 200 சதமமீற்றர் நீண்டு நிற்பதாகவும், அதன் மரம் சதுர சதமமீற்றருக்கு 90 கிலோகிராம் தகைப்பைத் தாங்குவதாகவும் கொள்வோம். தீராந்தியின் சொந்த நிறையைக் கருதாது விடுவோம். கலிலியோவின் முறைப்படி மொத்த இழுவை 18,000 கிலோகிராம். அதனை உயரத்திற் பாதியாகிய 10ஆற் பெருக்கி 200ஆல் வகுக்க, முனையில் 900 கிலோகிராம் தொங்கவிடலாம் என்று வரும்.

உண்மையிலோ மேற்பாதி இழுபட, கீழ்ப்பாதி நெருக்குறும். நடுவில் இரண்டும் இல்லை. ஆதலின் உயரத்தின் வர்க்கத்தை அகலத்தாற் பெருக்கி, 2ஆல் அன்றி 6ஆல் வகுத்தல் வேண்டும். விடை 300 கிலோகிராமே. உயரம் இருமடங்கானால் வலிமை நான்மடங்காகும் என்னும் விகிதத்தில் அவர் பிழைத்திலர், அளவிலேயே பிழைத்தார். விகிதம் பொருந்தியமையால் அப்பிழை வெளிப்பட்டிலது. பிரான்சு தேசத்து மரியோத் மரத்தையும் கண்ணாடியையும் பாரமேற்றி முறித்துப் பார்த்தபோதே கலிலியோவின் கணக்கு மிகையானது என்பது தெரிந்தது. அவரது நூல் 1686இல் வெளிவந்தது. பின்னர்க் கூலோமும், 1826இல் நவியேயும் கணக்கைத் திருத்தமுறச் செய்தனர்.

அதே நூலில் மற்றொரு செய்தியும் உண்டு. இரு தாங்கிகளின்மேற் கிடத்திய பளிங்குத் தூண் ஒன்று முறியாதிருக்க, நடுவே மூன்றாவது தாங்கியையும் வைத்தனர். ஒரு முனைத் தாங்கி உக்கித் தாழ்ந்தது, நடுத்தாங்கி தாழவில்லை. தூணின் ஒரு பாதி தாங்குவாரற்று நிற்கவே, அது நடுவில் முறிந்தது.

இன்று தீராந்தியின் வளைவைக் கணினி நொடியிற் காட்டுகின்றது. ஆயினும் தாங்கி எத்தகையது, முனை எவ்வாறு பதிந்துளது என்பவற்றை நாமே அதற்குச் சொல்லுகின்றோம். அவற்றைத் தவறாகச் சொன்னாற் கணினி அத்தவற்றையே செம்மையாகக் கணித்துத் தரும். ஒரு தாளிற் செய்த கைக்கணக்கு அதனைக் காட்டிக் கொடுக்கும். சுவரை அடுத்த மூலைகளிற் சிறிது வேறுபாடு தோன்றலாம். மற்றையிடங்களில் இரண்டும் மும்மடங்கு வேறுபடுமாயின் வேலையை நிறுத்தி ஆராய்தல் கடன். தீராந்தியின் கீழ் மனிதர் வாழ்கின்றனர் அன்றோ!

கலிலியோ 1642இல், தமது 77ஆம் வயதில், ஆர்செத்ரியிலேயே காலமானார். அவர் தந்த விடை திருத்தப்பட்டது. அவர் எழுப்பிய வினாவோ எம் பொறியியல் மாணவரின் முதற் பாடங்களுள் ஒன்றாய் நிலைத்துளது.